தாமதக் கணக்கு பற்றி மகளுக்கு

புது வண்ணாரப்பேட்டை,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு,

இங்கு நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நேற்று நீ பேச்சைப் பாதியில் நிறுத்தியதும் அழுகிறாயோ என்று அவள் கேட்டாள். சைட்டில் யாரோ கூப்பிட்டிருப்பார்கள் என்று சொல்லி வைத்தேன். உங்கள் ஆஸ்பத்திரிக் கட்டடம் மூன்று மாதம் பின்தங்கிவிட்டது, அதற்கு யார் பொறுப்பு என்று அறிக்கை எழுதித் தரும்படி உன்னைக் கேட்டிருக்கிறார்கள் என்றாய். உன்னைப் போல் நான் இன்ஜினியரிங் படித்தவனில்லை. ஆனாலும் 31 வருடம் சூப்பர்வைசராக வெயிலில் நின்றவன் என்பதால் எழுதுகிறேன்.

எந்தக் கான்ட்ராக்டர் சோம்பேறி என்று தேடிக்கொண்டு போகாதே. சென்ட்ரிங்காரரிடம் கேட்டால் தன் வேலையை முடித்திருப்பார், கம்பி கட்டுபவரும் முடித்திருப்பார், பிளம்பரும் முடித்ததாகவே சொல்வார். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு வேலை போகிற இடத்தில்தான் நாலு நாள் காணாமல் போயிருக்கும்.

நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது ராயபுரத்தில் ஒரு ஐந்து மாடிக் கட்டடம் பார்த்தேன், நினைவிருக்கிறதா? அங்கே இரண்டாம் தளத்துக்குக் கான்கிரீட் போட்ட மறுநாள் காலை, பிளம்பிங் கான்ட்ராக்டர் வந்து நின்று, கழிவறைக் குழாய்க்கு ஸ்லீவ் எங்கே என்று என்னையே கேட்டார். குழாய் இறங்க வேண்டிய இடங்களில் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டிய அந்தத் துண்டுக் குழாய்கள் ஒன்பதில் ஒன்றுகூட அந்த இடத்தில் இல்லை. ஆர்க்கிடெக்ட் கழிவறையை நாலடி தள்ளி வரைபடத்தைத் திருத்தியிருந்தார். திருத்திய தாள் எங்கள் தலைமை அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து எனக்கும் வந்து, என் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிட்டது. பிளம்பரின் ஆட்கள் பழைய தாளைப் பார்த்து ஸ்லீவ் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பிறகு கோர் கட்டிங் மெஷின் வரவழைத்து ஒன்பது துளை போட்டோம். ஒன்றில் கம்பி அறுபட, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்த்து ஒப்புதல் தரும்வரை வேலை நின்றது. மொத்தம் 11 நாள். தவறு என்னுடையது என்பதை அன்று நான் ஒப்புக்கொள்ளவில்லை; இன்று உனக்கு எழுதும்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு எந்தத் தளத்துக்கும் கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் மாலை நாலு மணிக்கு எல்லாத் தரப்பு மேஸ்திரிகளையும் கம்பி மேலேயே நடக்க வைத்து, அவரவர் கையிலிருக்கும் வரைபடத்தின் திருத்த எண்ணைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் ரெடிமிக்ஸ் லாரிக்குச் சொல்வேன். சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அரசுப் பணிகளில் ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டர் என்று ஒரு தடைப் பதிவேடு உண்டு. என்ன தடை, எந்தத் தேதியில் தொடங்கியது, எப்போது நீங்கியது, அது எந்த வேலையைப் பிடித்து வைத்தது என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இரண்டு தடைகள் ஒரே நாள்களில் விழுந்தால் அந்த நாள்களை ஒருமுறைதான் கணக்கில் எடுக்க வேண்டும். உங்கள் சைட்டில் அப்படி ஒன்று இல்லையென்றால் நாளைக்கே ஒரு நீள நோட்டு வாங்கு. போன மூன்று மாதத்துக்கு மின்னஞ்சல்களையும் தினசரி ஆள் கணக்கையும் வைத்து எழுது; நினைவிலிருந்து எழுதாதே, எதிர்த்தரப்புக்கும் நினைவு இருக்கிறது.

உன் அட்டவணையில் தளம் போட்ட ஏழாம் நாளே அதன் கீழே செங்கல் கட்டு தொடங்குவதாகப் போட்டிருந்ததைக் கவனித்தேன். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர நிர்ணயம் 456-ன்படி, தாங்கும் இடங்களுக்கு நடுவே 4.5 மீட்டருக்கு மேல் இடைவெளியுள்ள தளத்துக்கு, அடியில் தாங்கி நிற்கும் முட்டு 14 நாளும், 6 மீட்டருக்கு மேல் இடைவெளியுள்ள பீமுக்கு 21 நாளும் நிற்க வேண்டும். முட்டுக் காடாக நிற்கும் இடத்தில் கொத்தனார் எங்கே சாரம் கட்டுவார்? இது கான்ட்ராக்டரின் தாமதமே அல்ல, முதல் நாளிலிருந்தே தாளில் இருந்த பொய். பண்டிகைக்கு ஊருக்குப் போகிற ஆட்களையும் இப்படித்தான் அட்டவணை மறந்துவிடும். இங்கே நாங்கள் மழைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒதுக்குவோம். உங்கள் புனேயில் ஜூனிலேயே தொடங்கிவிடும் என்பதால் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதே.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. ரன்னிங் பில், அதாவது அதுவரை முடிந்த வேலைக்கு அவ்வப்போது பணம் கேட்டுக் கொடுக்கும் பில், மேலிடத்தில் தங்கினால், சனிக்கிழமைக் கூலி குறைந்து, திங்கட்கிழமை பாதி ஆள் வேறு சைட்டில் இருப்பார்கள். உன் அறிக்கையில் பில் கொடுத்த தேதிக்குப் பக்கத்தில் பணம் வந்த தேதியையும், அதற்கு அடுத்த வாரத்து ஆள் எண்ணிக்கையையும் போடு. மேலிடத்துக்குப் பிடிக்காது, ஆனாலும் போடு.

இன்னொன்று. விம்கோ நகர் மெட்ரோ வேலை 2016-ல் தொடங்கி நம் நெடுஞ்சாலையை எத்தனை வருடம் மறித்தது என்று நீயே பார்த்தாய். 2021 பிப்ரவரி 14 அன்று ரயில் ஓடத் தொடங்கியபோது திருவொற்றியூர் தேரடி நிலையம் முடிந்திருக்கவில்லை. அதற்காகப் பாதை முழுவதையும் நிறுத்தி வைக்காமல் ஓட்டினார்கள், தேரடி 2022-ல்தான் திறந்தது. உங்கள் கட்டடத்திலும் புறநோயாளிப் பிரிவை மட்டும் தனியாக முடித்துக் கொடுக்க முடியுமா, அதற்கு லிஃப்டும் தீயணைப்புக் குழாயும் எதுவரை முடிந்தால் போதும் என்று கணக்குப் பார்த்து அறிக்கையோடு சேர்த்துக் கொடு. பழியை மட்டும் பட்டியலிட்ட அறிக்கையை யாரும் இரண்டாம் பக்கம் புரட்டுவதில்லை.

ராயபுரம் நோட்டை நாளை கூரியரில் அனுப்புகிறேன். 47-ஆம் பக்கத்தில் கோர் கட்டிங் பில்லை ஒட்டியிருக்கிறேன். பசை காய்ந்து உதிர்கிறது, பார்த்துப் புரட்டு.

இப்படிக்கு,
உன் அப்பா.