எங்கள் வீட்டைச் சுமந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கர்த்தருக்குள் பிரியமான சபையாருக்கும், சபைக்கு வெளியே இருந்து எங்களுக்கு உறவாக வந்து நின்ற அயலாருக்கும், தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அப்புறமும் இப்புறமும் வாழும் நண்பர்கள் அனைவருக்கும் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் என் வாழ்த்துகள்.

லெந்து என்னும் தவக்கால நாட்களும் ரமலான் நோன்பும் ஒன்றாக வந்த 2025 மார்ச் மாதத்தில், ஒரு நாள் விடிவதற்கு முன்பாக, என் துணைவியார் அடுக்களையில் விழுந்துவிட்டார். சத்தம் கேட்டு ஓடிச் சென்றபோது அவருடைய வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலக்கை துவண்டு தொங்கியது. என்னை அழைக்க முயன்றும் நாக்கு குழறியதே தவிரச் சொல் வரவில்லை. பக்கவாதம் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. ஏழு மாதங்கள் கழிந்த பிறகு, இன்று அவர் கைத்தடி ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறார். மெதுவாகவேனும் தெளிவாகப் பேசுகிறார். இந்த ஏழு மாதமும் எங்கள் வீட்டை நடத்தியவர்கள் நீங்கள். இதை எழுதிச் சொல்லாவிட்டால் என் மனம் ஆறாது.

பலர் தங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் இங்கே எழுதவில்லை. உரியவர்களுக்குத் தங்களைத் தெரியும்.

எங்கள் வீடு சரிவில் இருப்பதையும், சாலைக்கு ஏற முப்பத்திரண்டு படிகள் இருப்பதையும் நீங்கள் அறிவீர்கள். அந்த நேரத்தில் விழித்திருப்பவர்கள் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் மட்டுமே. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மேல் விளைக்குப் போய்க்கொண்டிருந்த அண்ணன் என் கூக்குரல் கேட்டு ஓடிவந்தார். அவரும், அவருடைய மகனும், அடுத்த வீட்டுத் தம்பியும், என் மகனும் ஆளுக்கொரு காலாகப் பிடித்து, நாற்காலியோடு என் துணைவியாரைத் தூக்கிப் படியேற்றினார்கள். நான் பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டு நடந்தேன். வீட்டுக் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இயேசுவின் முன் இறக்கிய நால்வரைப் பற்றி நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அவர்களுடைய பெயர்கள் சுவிசேஷத்தில் இல்லை; இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டார் என்று மாத்திரம் மாற்கு எழுதியிருக்கிறார். அந்தக் கட்டிலின் பாரம் எவ்வளவு இருந்திருக்கும், அவர்கள் அன்றைய வேலையை விட்டுவிட்டா வந்தார்கள் என்று நான் ஒரு முறையும் நினைத்துப் பார்த்ததில்லை. எங்களுக்காகப் படியேறிய அண்ணன் அன்று பால் வெட்டவில்லை. வெட்டாத நாளுக்கு அவருக்குக் கூலியும் கிடையாது.

சாலையில் கார் ஆயத்தமாக நின்றது. நோன்பு தொடங்கும் முன் உண்ணும் சஹர் உணவுக்கு உட்கார்ந்திருந்த ஓட்டுநர் தம்பி, தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்திருந்தார். அன்றைய நோன்பை அவர் வெறும் வயிற்றோடு தொடங்கினார் என்பதை இரண்டு நாள் கழித்து அவருடைய உம்மா சொல்லித்தான் அறிந்தோம். அந்த மாதம் முழுவதும் ஆஸ்பத்திரிக்குப் போய்வர எத்தனை முறை வண்டி எடுத்தார் என்பதற்கு அவரிடம் கணக்கில்லை, என்னிடம் இருக்கிறது.

முதலில் போய்ச் சேர்ந்த இடத்தில் அந்நேரத்தில் ஸ்கேன் எடுக்க வழியில்லை. அங்கே இரவுப் பணியில் இருந்த செவிலியர் சகோதரிக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். "ஐயா, இங்கே நேரத்தைப் போக்க வேண்டாம், உடனே திருவனந்தபுரம் போங்க" என்று சொன்னதோடு, அங்கே வேலை பார்க்கும் தம் தோழியை எழுப்பித் தகவலும் கொடுத்தார். மூளைக்குப் போகும் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, நோய் தாக்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதை அன்று காலையில்தான் கற்றுக்கொண்டேன். நாங்கள் அந்த நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். 1956 நவம்பர் 1 அன்று எங்கள் விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு அன்று போடப்பட்டது. ஆனால் இங்கே ஒருவர் நோயில் விழுந்தால் அந்தக் கோட்டை யாரும் பார்ப்பதில்லை. மொழி தெரியாமல் நான் தடுமாறிய இடங்களிலெல்லாம் "அச்சோ, பேடிக்கண்டா" (ஐயா, பயப்பட வேண்டாம்) என்று தைரியம் சொன்ன மலையாளச் செவிலியர்களையும், பொறுமையோடு படம் வரைந்து விளக்கிய மருத்துவர்களையும் நன்றியோடு நினைக்கிறேன்.

பெண்கள் வார்டில் இரவில் ஆண்கள் துணையிருக்க அனுமதி இல்லை. இதை எதிர்பாராமல் நான் வராந்தாவில் நின்றபோது, சபையிலிருந்து ஓர் அக்கா ஒரு பையில் இரண்டு சேலையோடு வந்து சேர்ந்தார். ஞாயிறு ஆராதனையில் எப்போதும் கடைசி வரிசையில் உட்காருகிறவர். அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், தோடு உடைப்பவர். பதினொரு இரவுகள் அவர் அந்தக் கட்டிலின் ஓரத்திலேயே இருந்தார். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப்பட்டு அவருடைய விரல்நுனிகள் கறுத்திருக்கும். எத்தனை தேய்த்தாலும் போகாத கறை அது. அந்த விரல்களால் அவர் என் துணைவியாரின் உணர்வற்ற வலக்கையை மடியில் எடுத்து வைத்து, பெருவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை ஒவ்வொன்றாகப் பிடித்து நீவிவிடுவதைப் பகல் நேரங்களில் நான் பார்த்தேன். இரவில் தூக்கம் வராமல் என் துணைவியார் தவித்தபோதெல்லாம் அக்கா 121ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொன்னாராம். அந்த அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் கேட்டுப் படித்த சங்கீதம். இழந்த கூலிக்காக நான் கொடுத்த கவரை மறுத்துப் பேசாமல் வாங்கிக்கொண்டார். அடுத்த ஞாயிறு அது பிரிக்கப்படாமல் காணிக்கைப் பையில் கிடந்தது. அக்கா, அந்தப் பணத்தை வேறு எந்த விதத்திலும் உங்களுக்குத் தர நான் முயலப்போவதில்லை. நன்றி என்று மாத்திரம் சொல்லி ஏற்றுக்கொள்கிறேன். அப்படி ஏற்றுக்கொள்வதற்கே எனக்குச் சில வாரங்கள் ஆயின. ஆசீர்வாதம் கூறுகிற இடத்திலேயே இருபத்தாறு ஆண்டுகள் நின்றுவிட்டவனுக்குக் கைநீட்டி வாங்குவது எளிதாக வரவில்லை.

வீட்டில் மகனுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு. மகளுக்கு ஆறாம் வகுப்பு. தினமும் காலை ஏழரை மணிக்குக் கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய ஒரு தங்கை, கால் மணி நேரம் முன்னதாகவே புறப்பட்டு வந்து, என் மகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டு விட்டுப் போனாள். அம்மா போடும் பின்னல் போல இல்லை என்று முதல் நாள் அழுத குழந்தை, மூன்றாம் வாரத்தில் அவளுக்காக வாசற்படியில் சீப்போடு காத்திருந்தாள். மகனின் கணக்குக்கும் அறிவியலுக்கும் துணையாக உட்கார்ந்த ஆசிரியரையும், தேர்வு நாட்களில் அவனைப் பள்ளிவரை கொண்டுவிட்ட வாலிபர் சங்கத் தம்பிகளையும் மறக்க மாட்டேன்.

கீழ்வீட்டு அம்மையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் முத்தாரம்மனைக் கும்பிடுகிறவர். அந்தி நேரத்தில் தம் வீட்டில் விளக்கேற்றி முடித்ததும், கஞ்சியும் பயறும், சில நாள் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் எடுத்துக்கொண்டு படியேறி வருவார். எங்கள் குடும்ப ஜெப நேரமும் அதுவே. ஜெபம் முடியும்வரை திண்ணையில் அமைதியாக இருந்து, பிறகு பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு, "மக்களே, நல்லா தின்னணும்" என்று சொல்லிப் போவார். பவுல் அப்போஸ்தலன் ரோமருக்கு எழுதின நிருபத்தின் பதினாறாம் அதிகாரத்தின் பெரும்பகுதி ஒரு நன்றி மடல்தான். அதில் ரூப்பு என்பவரின் தாயை, தனக்கும் தாய் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார். அந்தத் தாய் அவருக்கு என்ன செய்தார் என்று எழுதவில்லை. எனக்கு இப்போது அதை ஊகிக்க முடிகிறது.

ஒரு மே மாத மாலையில், பால்காரருக்குக் கொடுக்க வேண்டிய தொகையைத் தேடி என் துணைவியாரின் கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன். நாற்பது பக்க நோட்டு. அரிசி, எண்ணெய், பள்ளிக் கட்டணம் என்ற வரிகளுக்கு நடுவே எங்கள் வீட்டுக்குச் சம்பந்தமில்லாத வரிகள் இருந்தன. யாருடைய பிள்ளைக்கு வண்டிக்கூலி இருநூறு. யார் வீட்டில் மாப்பிள்ளை குடிக்கிறார், போய்ப் பார்க்க வேண்டும். யார் மூன்று ஞாயிறாக வரவில்லை. "இன்று அந்த வீட்டுக்குப் போய்வாருங்கள்" என்று அவர் காலையில் சாயா தரும்போது சொல்வார், நான் போவேன், நல்ல மேய்ப்பர் என்று என்னைச் சொல்வார்கள். அடுக்களை வாசலில் யார் யாரோ வந்து சொன்ன பாரங்களை அவர் வாங்கி வைத்து, எனக்குப் பகுத்துக் கொடுத்திருக்கிறார். பிரசங்க பீடத்திலிருந்து வீடுகளுக்கு விசுவாசம் இறங்கிப் போகிறது என்றே நான் இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தேன். எங்கள் வீட்டிலோ அது அடுக்களையிலிருந்து பிரசங்க பீடத்துக்கு ஏறி வந்திருக்கிறது.

அதே நோட்டில் பிப்ரவரி மாதத்தில் ஒரு வரி: "பிரஷர் மாத்திரை, அடுத்த மாதம்." மகனுக்கு டியூஷன் கட்டணம் கொடுத்த மாதம் அது. இரத்த அழுத்தத்துக்கு அவர் மாத்திரை எடுக்க வேண்டியவர் என்பது எனக்குத் தெரியும்; அது தீர்ந்துபோனது எனக்குத் தெரியாது. தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட கேள்வியை நான் அன்று இரவு தனியாக உட்கார்ந்து வாசித்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். சபைக்கு முன்பாகவும் இதைச் சொல்ல வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன். கணவன்மாரே, உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவை இன்று திறந்து பாருங்கள்.

எந்தப் பாவத்தினால் இது வந்தது என்று எங்களிடம் கேட்டவர்களும் உண்டு. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. பிறவிக்குருடனைக் குறித்து இதே கேள்வியைச் சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்த பாவமுமல்ல, பெற்றோர் செய்த பாவமுமல்ல என்று இயேசு பதில் சொல்லிவிட்டார். அதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

ஆராதனைகளையும் திருவிருந்தையும் தடையில்லாமல் நடத்திய ஓய்வுபெற்ற போதகர் ஐயா அவர்களுக்கும், விடுப்புக் கேட்கும் முன்பே விடுப்புத் தந்த சபைக் கமிட்டியாருக்கும், வளைகுடாவிலிருந்து பெயரில்லாமல் பணம் அனுப்பிய நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும், வெள்ளிதோறும் உபவாச ஜெபத்தில் எங்களை நினைத்த தாய்மாருக்கும் என் நன்றி.

இனி பிடியரிசி. உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துக் கர்த்தருக்கென்று தனிப் பானையில் இடுவது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் வழக்கம். பல ஆலயங்களின் சுவர்களில் அந்தப் பிடியரிசிப் பணம் இருக்கிறது என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். என் துணைவியார் விழுந்த நாளிலிருந்து எங்கள் பானை வெறுமையாக இருந்தது. வாரந்தோறும் பிடியரிசி வாங்கப் பையோடு வரும் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா, எங்கள் வாசலுக்கு வந்து அரிசி கேட்காமல், ஜெபித்துவிட்டு, தாம் கொண்டுவந்த ஒரு படி அரிசியை எங்கள் அடுக்களையில் வைத்துவிட்டுப் போவார். ஜூலை மாதத்தில், வீட்டுக்கு வந்து பயிற்சி தரும் பிசியோதெரபி தம்பி, அகன்ற பாத்திரத்தில் அரிசியைக் கொட்டி, வலக்கையை அதற்குள் விட்டு அள்ளிப் பழகச் சொன்னார். விரல்கள் மூட மறுத்தன. முதல் வாரம் ஒரு மணியும் கையில் நிற்கவில்லை. இரண்டாம் வாரம் உள்ளங்கையில் ஏழெட்டு மணிகள் தங்கின. அந்த ஏழெட்டு மணிகளை மறுபடியும் பாத்திரத்தில் போடச் சொன்னபோது, அவர் தலையை அசைத்து மறுத்து, இடக்கையால் பிடியரிசிப் பானையைச் சுட்டிக்காட்டினார். நான் பானையை அருகில் கொண்டுவந்தேன். மணிகள் பானையின் அடியில் விழுந்த சத்தம் எங்கள் நால்வருக்கும் கேட்டது. அன்றிலிருந்து பயிற்சி அரிசி முழுவதும் அந்தப் பானைக்குத்தான் போகிறது. சென்ற சனிக்கிழமை அக்கா பை நிறைய வாங்கிப் போனார்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். கஞ்சியும் கறியும் வந்த தூக்குப் பாத்திரங்கள், சம்படங்கள், மூடிகள் எல்லாமாக இருபத்து மூன்று எங்கள் வீட்டில் இருக்கின்றன. எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. என் துணைவியார் பாதிக்குமேல் அடையாளம் சொல்கிறார். எல்லாவற்றையும் துலக்கித் திண்ணையில் அடுக்கி வைத்திருக்கிறோம். வரும் சனிக்கிழமை மாலை நன்றி ஜெபத்துக்கு வரும்போது தயவுசெய்து எடுத்துச் செல்லுங்கள். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனமில்லை. கீழ்வீட்டு அம்மை பக்கத்தில் இருந்து பாகு காய்ச்ச, ஒவ்வொன்றிலும் வைக்க முந்திரிக்கொத்துப் பலகாரம் உருட்டிக்கொண்டிருக்கிறார். வலக்கையால் உருட்டியவை சற்றுக் கோணலாக இருக்கும்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் போதகர்