பெரிய எஞ்சின் வாங்குறதுக்கு முன்னாடி விசிறிய பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் பாம்பன்ல ஃபைபர் படகு வெச்சு நரம்பு வலை போடுறவன். எங்க கரையில இப்ப எல்லார் வாயிலயும் ஒரே பேச்சு, 9.9 குதிரைசக்தி பத்தல, 15 வாங்கணும், 25 வாங்கணும்னு. கடன வாங்கி எஞ்சின மாத்துறதுக்கு முன்னாடி படகுக்கு பின்னாடி தண்ணிக்குள்ள சுத்துற விசிறிய (புரொப்பெல்லர்) ஒருதடவ பாருங்கப்பான்னு சொல்லத்தான் இத எழுதுறேன்.

நானும் ஏமாந்தவன்தான். புது எஞ்சின் வாங்கினப்போ கடையில வெறும் படகுல ஓட்டிக் காட்டினாங்க, பறந்துச்சு. மறுநாள் நாலு பேரு, வலை, ஐஸ் பெட்டி எல்லாம் ஏத்திக்கிட்டு பாலத்துக்கு அடியில நீரோட்டத்த எதிர்த்து போனா, முழுசா முறுக்கியும் எஞ்சின் முக்குது, படகு நகரல. கடைக்காரர் கார்ப்பரேட்டர கழட்டணும்னாரு, ரெண்டு தடவ கழட்டி காசும் வாங்கிட்டாரு, ஒண்ணும் ஆகல. அப்புறம் எங்க பக்கத்து பெரியவர் ஒருத்தர்தான் விசிறிய பாத்துட்டு, தம்பி இது 10 பிட்ச், உன் சுமைக்கு ஆகாதுன்னாரு.

விசிறியில 9¼ x 10னு போட்டிருக்கும். முதல் நம்பர் விட்டம், அடுத்தது பிட்ச், ரெண்டுமே இஞ்ச் கணக்கு. மரத்துல ஸ்க்ரூ இறங்குற மாதிரி விசிறி ஒரு சுத்துக்கு எவ்ளோ தூரம் முன்னால போகணுமோ அதான் பிட்ச், ஆனா தண்ணி மரம் இல்லையே, வழுக்கும், அதனால அவ்ளோ போகாது. பிட்ச் ஜாஸ்தின்னா காலி படகுக்கு வேகம், சுமை ஏத்தினா மேட்டுல பைக்க டாப் கியர்ல ஏத்துற கதைதான். அப்படியே தினமும் ஓட்டினா எஞ்சின் சூடாகி உள்ள கரி பிடிச்சு சீக்கிரம் போயிரும்.

என் எஞ்சின் புஸ்தகத்துல முழு ஆக்சிலேட்டர்ல 5000லேர்ந்து 6000 ஆர்பிஎம் (எஞ்சின் நிமிஷத்துக்கு சுத்துற சுத்து) வரணும்னு இருக்கு. அத அளக்க, ஸ்பார்க் பிளக் வயர்ல சுத்தி மாட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு வாங்கி (செட்டிங் தப்பா வெச்சா ரீடிங் டபுளா காட்டும், நானே முதல்ல பயந்துட்டேன்) சுமையோட பாத்தா 4700தான். ஒரு இஞ்ச் பிட்ச் குறைச்சா சுமாரா 200 ஏறும்ங்கறது கணக்கு. 8 பிட்ச் போட்டேன், 5100 வந்துச்சு. இப்ப அதே கடலுக்கு போய்ட்டு வந்தா டேங்க்ல பெட்ரோல் மிச்சம் இருக்கு. ஆனா பிட்ச ரொம்ப குறைச்சுட்டு காலி படகுல முறுக்காதீங்க, 6000 தாண்டினா அதுவும் எஞ்சினுக்கு கேடுதான்.

இன்னொண்ணு, சிலருக்கு எஞ்சின் திடீர்னு அலறும், படகு போகாது. அதுக்கு விசிறிய திட்டாதீங்க, எஞ்சின உசரமா மாட்டியிருந்தா விசிறி காத்த இழுத்துக்கும். விசிறிக்கு மேல இருக்கிற தட்டு படகு அடிமட்டத்துக்கு சமமா இருக்கான்னு பாருங்க. ஸ்டீல் விசிறி வாங்குற ஆசையும் எங்க பக்கம் வேணாம், பாறையில இடிச்சா அலுமினியம் வளைஞ்சு தப்பிக்கும், ஸ்டீல் அடிய அப்படியே கியருக்குள்ள அனுப்பிரும். விசிறிய கழட்டும்போது பின்னாடி வலை நரம்பு சுத்தியிருக்கான்னும் பாத்துருங்க, அது கியருக்குள்ள தண்ணி போகாம தடுக்குற ரப்பர் சீல அறுத்து தண்ணி உள்ள போயி கியர் ஆயில் பால் டீ கலர்ல வந்தப்புறம் அழுது பிரயோஜனம் இல்ல.

மானியத்துல எஞ்சின் குடுக்குற அதிகாரிங்ககிட்ட ஒரே கோரிக்கை: குடுக்கறப்போ அந்தந்த படக சுமையோட ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்து, அதுக்கேத்த பிட்ச் விசிறிய மாட்டிக் குடுங்க. கடைக்காரங்களும் அப்படி செய்யலாம். எனக்கு வித்தவரு உங்க பேப்பர்தான் தினமும் வாங்குறாரு, அதனால இத கண்டிப்பா போடுங்க.

இப்படிக்கு,
ஒரு நாட்டுப்படகு மீனவர், பாம்பன்