அம்மாவுக்கு, முந்திரிக்கொத்து வந்து சேந்துச்சு

க்டான்ஸ்க், போலந்து,
28 டிசம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ குடுத்துவிட்ட முந்திரிக்கொத்து பலகாரம் போன ஞாயித்துக்கிழமையே வந்து சேந்துச்சும்மா. சூசண்ணன் வார்சாவுல இறங்கி, இந்தப் பக்கம் வேலைக்கு வர்ற ஒரு பையன்கிட்ட குடுத்துவிட்டிருந்தாரு. டப்பாவ திறந்தா மேலாப்புல உன் லெட்டரு, ஒரு ஓரம் எண்ணெய் ஊறி கண்ணாடி மாதிரி ஆயிருக்கு, பாப்பா நோட்டுல கிழிச்ச பேப்பரு. "ரெண்டு மாசமா உன் குரல் கேக்கல, நீ நல்லாருக்கன்னு உன் மைனி சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா"ன்னு எழுதிருக்க. அந்த வரிக்கு மேல அன்னைக்கு படிக்க முடியல, மறுநாள்தான் மிச்சத்த படிச்சேன். தப்பு என்மேலதாம்மா. நைட் ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்கு வரும்போது அங்க உங்களுக்கு பதினோரு மணி ஆயிரும், அப்பா கரைக்கு வந்திருப்பாரு, நீ மீன்காரி கூட்டத்துக்குள்ள நிப்ப, சரி சாயங்காலம் பேசலாம்னு படுப்பேன், எந்திரிச்சா அடுத்த ஷிப்டு. அப்படியே போயிட்டுது. நீ கைப்பட எழுதுனதுக்கு ரெண்டு நிமிஷம் போன்ல பதில் சொல்ல மனசு வரல, அதான் உக்காந்து டைப் பண்றேன். மைனி, நீங்களே அம்மாவுக்கு படிச்சு காட்டுங்க. சித்தி பக்கத்துல இருந்தா நடுவுல வர்ற அவங்க விஷயத்த மட்டும் அப்புறமா தனியா படிங்க.

நான் நல்லாருக்கேன். போட்டோ பாத்துட்டு மெலிஞ்சுட்டேன்னு எழுதிருக்க, அது அந்த கோட்டு பெருசுமா, அதான் அப்படித் தெரியுது. கீழ்வீட்டு பாட்டி அவங்க வீட்டுக்காரரோட கோட்ட குடுத்தாங்க, நல்ல கம்பளி, புதுசு வாங்க வேண்டிய தேவையே இல்லாமப் போச்சு.

குளிரு இருக்கத்தான் செய்யுது. மத்தியானம் மூணரைக்கே இருட்டிரும், காலையில எட்டு மணிக்குத்தான் வெளிச்சம் வரும். அப்பா கேட்டாருல்ல கடல் எப்படி இருக்குன்னு, போன மாசம் ஒரு லீவு நாள்ல போயி பாத்தேன். கையில அள்ளி நாக்குல வச்சேன், உப்பே இல்லப்பா, நம்ம கடல்ல இருக்கிற உப்புல அஞ்சுல ஒரு பங்குதான் இங்க. ஏத்தம் வத்தமும் கிடையாது, பெரிய குளம் மாதிரி கிடக்கு. மணல் மட்டும் நம்ம மணல் மாதிரியே இருந்துச்சு, கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துட்டேன்.

கீழ்வீட்டு பாட்டின்னு சொன்னேன்ல, பேரு ஹலினா, இங்க மரியாதையா பானி ஹலினான்னுதான் கூப்பிடணும். எழுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும், தனியாத்தான் இருக்காங்க. முதல்ல எங்கள கண்டாலே பிடிக்காது, ஆறு பேரு ஒரே வீட்டுல இருக்கோம்ல, படியில செருப்புச் சத்தம் கேட்டாலே கதவ திறந்து முறைப்பாங்க. மீன் குழம்பு வச்சா ஜன்னல சாத்துற சத்தம் மேல வரைக்கும் கேக்கும். அப்புறம் ஒருநாள் அவங்க மூட்டைய மேல தூக்கிக் குடுத்தேன், உள்ள சுவத்துல ரெண்டாம் ஜான் பால் போப்பாண்டவர் படம் மாட்டிருந்தாங்க. அவரு இந்த நாட்டுக்காரருதானே. 1986-ல மெட்ராஸ் வந்தப்ப எங்க பாட்டா போயி பாத்துட்டு வந்தாருன்னு போன்ல மொழிபெயர்ப்பு போட்டு காட்டுனேன். அன்னையில இருந்து ஜன்னல் சாத்துறதில்ல.

23-ந்தேதி சாயங்காலம் பானி வந்து கதவ தட்டுனாங்க. போன்ல எழுத்து வருது, "உனக்கு மீன் வெட்டத் தெரியுமா"ன்னு. என்கிட்ட போயி கேக்குறாங்கம்மா! போயி பாத்தா குளிக்கிற தொட்டியில தண்ணி ரொப்பி உள்ள ஒரு கெண்டை உசுரோட நீந்திட்டு கிடக்கு, ரெண்டு கிலோ இருக்கும். இங்க கிறிஸ்மஸ்க்கு முந்தின ராத்திரிதான் பெரிய சாப்பாடு, விகிலியான்னு சொல்லுவாங்க, அதுல கெண்டை மீன் இருந்தே ஆகணும். முன்னாடில்லாம் எல்லா வீட்டுலயும் ரெண்டு நாளு முன்னாலயே உசுரோட வாங்கி தொட்டியில விட்டு வைப்பாங்களாம், இப்ப முக்காவாசி பேரு கடையில வெட்டுனதத்தான் வாங்குறாங்க. பானி பழைய ஆளு. ஆனா விரல் மூட்டெல்லாம் வீங்கி கத்திய பிடிக்க முடியல. நான் ஒரே அடியில மண்டைய தட்டி, செதிள் எடுத்து, குடல் எடுத்து வட்டு வட்டா போட்டுக் குடுத்தேன். அவங்க வாய திறந்துட்டு நிக்கிறாங்க. செதிள் ஒண்ணொண்ணும் அஞ்சு ரூவா துட்டு அளவு இருக்கு, அதுல ஒண்ண கழுவித் துடைச்சு என் பர்ஸ்க்குள்ள வச்சாங்க, வருஷம் பூரா காசு தட்டாதாம். வச்சிருக்கேன்.

வெட்டுன துண்ட பாலும் வெங்காயமும் போட்டு ராத்திரி பூரா ஊற வைக்கிறாங்க, சேத்து வாடை போறதுக்கு. மறுநாள் மாவுல புரட்டி வெண்ணெயில பொரிக்கிறது, அவ்வளவுதான், உப்பும் மிளகும் மட்டும். நீ அனுப்புன மிளகாப்பொடி போட்டு ரெண்டு துண்டு பொரிச்சுக்கவான்னு கேட்டேன், சரின்னுட்டாங்க. எப்படிப் பொரிச்சாலும் நெய்மீன் தின்ன நாக்குக்கு கெண்டை ஏறாதும்மா, முள்ளு வேற.

24 ராத்திரி அவங்க வீட்டுலதான் சாப்பாடு. இந்த வருஷந்தான் முதல் தடவையா 24-ந்தேதிக்கு கவர்மெண்டே லீவு விட்டுருக்கு, அதனால எனக்கும் லீவு. பானி, அவங்க தங்கச்சி, நான், மூணே பேரு. மேசை விரிப்புக்கு அடியில கொஞ்சம் வைக்கோல் பரப்பி வச்சிருந்தாங்க, நம்ம குடில்ல போடுற மாதிரி. வானத்துல முதல் நட்சத்திரம் தெரிஞ்சாத்தான் சாப்பிடலாம், அதுவரைக்கும் பட்டினி. தங்கச்சிக்காரங்க நாலு மணியில இருந்து ஜன்னல்ல நின்னு பாத்துட்டே இருந்தாங்க.

இறைச்சி கிடையாது, பன்னெண்டு அப்போஸ்தலருக்கு பன்னெண்டு வகை. பீட்ரூட்ட அஞ்சாறு நாளு தண்ணியில பூண்டோட போட்டு புளிக்க வச்சு ஒரு சூப்பு, பார்ஷ்ச்சுன்னு பேரு, செக்கச்செவேல்னு இருக்கு, நம்ம ரசம் மாதிரி கிண்ணத்துல வச்சு குடிக்கலாம். அதுக்குள்ள காளான் வச்ச சின்ன கொழுக்கட்டை மிதக்கும், அத உஷ்கான்னு சொல்றாங்க, குட்டிக் காதுன்னு அர்த்தமாம். அப்புறம் முட்டைக்கோஸ் வச்ச பெரிய கொழுக்கட்டை, அது பியெரோகி. உப்புல ஊறுன ஹெர்ரிங் மீன வெங்காயத்தோட எண்ணெயில போட்டு வைக்கிறாங்க, அது நம்ம சாளையோட சாதிதாம்மா, பச்சையாவே திங்கணும், முதல்ல தயங்குனேன், அப்புறம் நாலு துண்டு தின்னேன். புகை போட்ட பிளம் பழம், ஆப்பிள், பேரிக்காயெல்லாம் வேக வச்ச தண்ணி ஒண்ணு, விறகடுப்புல புகை ஏறுன கருப்பட்டி காப்பி ஞாபகம் வந்துச்சு.

உனக்கு ஆச்சரியமா இருக்கும், இவங்க இனிப்புல முக்கியமானது கசகசா. நீ கிறிஸ்மஸ் கறிக்கு ஒரு ஸ்பூன் அரைப்பியே, இவங்க கிலோ கணக்குல வாங்குறாங்க. நம்மளுது வெள்ளை, இது நீலமும் கறுப்புமா இருக்கும். பால்ல வேக வச்சு கறி அரைக்கிற மெஷின்ல மூணு தடவை விட்டு, தேனும் திராட்சையும் சேத்து மாவுக்குள்ள வச்சு பாய் மாதிரி சுருட்டி கேக்கு போடுறாங்க. மெஷின் கைப்பிடி சுத்துனது நான். மூணாவது தடவை விடும்போது எண்ணெய் கசிஞ்சு ஒரு வாசனை வந்துச்சு பாரு, நீ சிறுபயறு வறுக்கும்போது வாசல் வரைக்கும் வருமே, அதே மாதிரி மனச இழுத்துச்சு.

பானி எண்ணி எண்ணி பாக்குறாங்க, பதினோரு வகைதான் ஆச்சு. நான் மேல ஓடிப்போயி முந்திரிக்கொத்து எடுத்துட்டு வந்து தட்டுல வச்சேன். மூணு மூணா ஒட்டிட்டு இருக்கிறதப் பாத்து, பிதா சுதன் ஆவி மூணும் ஒண்ணா இருக்கிற தமத்திரித்துவமான்னு கேட்டாங்க. எனக்கு அது தோணுனதே இல்ல, ஆமான்னுட்டேன். கடிச்சுப் பாத்துட்டு ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசல, அப்புறம் தங்கச்சிக்காரங்க இன்னொண்ணு எடுத்தாங்க. பன்னெண்டாவதா உன் பலகாரந்தான் இருந்துச்சும்மா. இந்த தடவை கருப்பட்டி கம்மி, வெல்லம் கூட சேத்துருக்க, தேங்காயும் கம்மி. என்னத்துக்கும்மா? கருப்பட்டி விலை ஏறிடுச்சா? எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல.

சாப்பிடுறதுக்கு முன்னால, பூசையில குடுக்கிற அப்பம் மாதிரி மெல்லிசா, மாட்டுக் கொட்டில் படம் பதிச்ச ஒரு வெள்ளை அப்பத்த கையில எடுத்துட்டு, ஒருத்தர் அப்பத்துல இருந்து இன்னொருத்தர் பிட்டு தின்னு வாழ்த்து சொல்லணும். பானி என் அப்பத்துல பிட்டுட்டு போன எடுத்து பேசி எனக்கு காட்டுனாங்க. "உன் அம்மா உன்னை சீக்கிரம் பார்க்கட்டும்"னு இருந்துச்சு. நான் என்ன சொன்னேன்னே ஞாபகம் இல்ல.

இப்ப சித்தி விஷயம். மேசையில நாலு தட்டு இருந்துச்சும்மா. மூணு பேருக்கு எதுக்கு நாலுன்னு கேட்டேன். வழியில போற யாராவது கதவ தட்டுனா உக்கார வைக்கணும், அதுக்காக எல்லா வீட்டுலயும் ஒரு தட்டு கூட வைப்பாங்களாம். வராம போன ஆளுகள நினைச்சும் வைக்கிறதுதான்னு தங்கச்சிக்காரங்க சொன்னாங்க. யாரும் அத தொடல, ஸ்பூன் கரண்டியெல்லாம் வச்சு அப்படியே கிடந்துச்சு.

எனக்கு அந்த பார்ஷ்ச் தொண்டையில இறங்கலம்மா. 2017-ல ஒக்கி புயல்ல சித்தப்பா திரும்பி வராம போன வருஷம் நம்ம ஊருல ஒரு வீட்டுலயும் ஸ்டார் தொங்கல, குடில் கட்டல, யாரும் மாவு இடிக்கல. சித்தி மட்டும் 24 ராத்திரி தட்டு கழுவி சித்தப்பாவுக்கு சோறு போட்டு வச்சிருந்தாங்க. அடுத்த வருஷமும் வச்சாங்க, முந்திரிக்கொத்துல அவரு பங்க தனியா எடுத்து வச்சாங்க. அப்ப நான்தான் எல்லார் முன்னாலயும் "இன்னும் எதுக்கு சித்தி இதெல்லாம்"னு கேட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லல, தட்ட எடுத்துட்டு அடுப்பாங்கரைக்குப் போனாங்க. அது எனக்கு இப்பத்தான் ஏழு வருஷம் கழிச்சு உறைக்குது. கல்யாணம் வர்ற வீடு, இந்த வருஷம் தட்டு வைக்கக் கூடாதுன்னு அத்தை சொல்லி சித்தி வைக்காம விட்டுட்டாங்கன்னு எழுதிருக்க. பாவம்மா. யாரும் இனிமே தடுக்காதீங்க. பிப்ரவரியில கல்யாண வீட்டு பந்தியிலயும் ஒரு இலை போடட்டும், மக கல்யாணத்துக்கு அப்பன் இலை இருக்கட்டும். சித்திகிட்ட மன்னிப்பு நான் நேர்ல கேட்டுக்கிறேன், நீ சொல்லாத.

ராத்திரி பூசைக்கு பானிய கைத்தாங்கலா கூட்டிட்டுப் போனேன். பாட்டு ஒண்ணும் புரியல, எல்லாரும் சேந்து பாடுறாங்க, கோயில் நிறைஞ்சிருக்கு. கோட்டாறு சவேரியார் கோயில்ல உன் முந்தானைய பிடிச்சுட்டு நின்னது மாதிரி இருந்துச்சு. இந்நேரம் அங்க விடிஞ்சிருக்கும், நீ ஆப்பத்துக்கு மாவு ஊத்திட்டு இருப்ப, அண்ணன் கறி வாங்கிட்டு வந்திருப்பான், பாப்பா புது உடுப்ப போட்டுட்டு கழட்ட மாட்டேன்னு அழுவான்னு நினைச்சேன். வீட்டுக்கு வரணும்மா. ஒரு வாரம் போதும், மரச்சீனிக்கிழங்கும் அயிலை புளிமுளமும் வச்சுக் குடு, வேற ஒண்ணும் வேண்டாம்.

சரி, அண்ணனுக்கு ரெண்டு விஷயம். இஞ்சினுக்கு கேட்ட காச இந்த மாசம் பாதி போட்டுருக்கேன், மீதிய பிப்ரவரியில கல்யாணத்துக்கு குடுக்கிறதோட சேத்து போட்டுர்றேன். கிறிஸ்மஸ் வரைக்கும் மீன் கம்பெனியில ஓவர்டைம் நிறைய இருந்துச்சு, ஜனவரியில ஆர்டர் கொஞ்சம் கம்மியா இருக்கும், எல்லா வருஷமும் இப்படித்தானாம், அம்மாகிட்ட பெருசா சொல்ல வேண்டாம். பழைய இஞ்சின அவசரப்பட்டு குடுத்துராத, குளச்சல்ல ஒருத்தர் விலை கேட்டாருன்னு அப்பா சொன்னாரு, புதுசு கைக்கு வந்தப்புறம் பாத்துக்கலாம்.

அப்புறம் சொசைட்டியில வச்ச மைனியோட வளையலு ஜனவரி 12-ந்தேதி தவணை. கல்யாணத்துக்கு மீட்டுத் தர்றேன்னு மைனிகிட்ட சொல்லிருந்தேன், இப்ப வட்டி மட்டும் கட்டி மாத்தி வச்சுரு, கல்யாணத்தன்னைக்கு போட்டுக்க அம்மா வளையல குடுப்பாங்க, மைனி கோவிச்சுக்க வேண்டாம், ஜூன்ல கண்டிப்பா மீட்டுருவேன். அடகு சீட்டு பீரோவுல மேல்தட்டுல பாட்டாவோட பைபிளுக்குள்ள இருக்கு, சங்கீதம் பக்கத்துல. அப்பா கண்ணு ஆபரேஷன் பில்லும் அதுக்குள்ளதான் இருக்கு, ரெண்டும் ஒரே மஞ்சள் கலரு, மாத்தி எடுத்துட்டுப் போயிராத.

அன்பு மகன்,
ஜெரோம்