கடல் சட்டத்தில் மீனவருக்கு வாக்குரிமை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மீன்பிடித் தடைக்காலம் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில செனட்டராக இருந்த வாரன் மேக்னசன் என் நினைவுக்கு வருகிறார்.

1929-இல் சட்டப் படிப்பை முடித்து, அம்மாநிலத்தின் கிங் கவுன்டி என்ற மாவட்டத்தின் அரசு வழக்கறிஞராகப் பணியாற்றிய அவர், 1937-இல் பிரதிநிதிகள் சபைக்கும் 1944-இல் செனட்டுக்கும் சென்று, 1980 தேர்தலில் தோற்கும்வரை பொறுப்பில் நீடித்தார். சீனர்கள் குடியேறுவதற்கு இருந்த தடையை 1943-இல் நீக்கிய சட்டம் அவர் பெயரால் அறியப்படுகிறது. நம் கரைக்கு நெருக்கமானது அவர் முன்னின்று நிறைவேற்றிய 1976-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம். வெளிநாட்டுப் பெருங்கப்பல்கள் கரையோரம்வரை வந்து மீனை அள்ளிச் சென்ற காலத்தில், 200 கடல் மைல் வரை மீன்வளத்தின் மீதான உரிமையை அது அமெரிக்காவுக்கு உறுதி செய்தது. அதைவிடப் பெரிய செயலாக நான் கருதுவது, அச்சட்டம் எட்டு வட்டார மேலாண்மை மன்றங்களை அமைத்து, அதிகாரிகளுடன் மீன்பிடித் தொழிலை அறிந்தவர்களையும் வாக்குரிமையோடு உட்கார வைத்ததைத்தான். அயல்நாட்டுக் கப்பல்கள் விலகிய பின் உள்நாட்டுப் படகுகள் பெருகி, அமெரிக்காவின் வடகிழக்குக் கரையான நியூ இங்கிலாந்துக் கடலில் காட் என்ற மீன் இனம் அருகிப்போனதும் உண்மை. அதனால்தான் 1996-இல் அச்சட்டம் மேலும் இறுக்கப்பட்டது.

அதே 1976-இல் நம் நாடும் 200 கடல் மைல் பொருளாதார மண்டலத்துக்குச் சட்டம் இயற்றியது. மன்னார் வளைகுடாவில் இலங்கையுடனான எல்லையும் அதே ஆண்டில்தான் வரையறுக்கப்பட்டது. தமிழகத்தின் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் கரையை ஒட்டிய கடலில் விசைப்படகுகள் மீன்பிடிப்பதைக் கட்டுப்படுத்துகிறது. ஆனாலும் இரு விசைப்படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலையில் ஏறிய, விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு மீன்கள், உணவுக்கு விலைபோகாத சங்காயமாகக் கூடை கூடையாகக் கரையிறங்கித் தீவனத்துக்குப் போவதைப் பாம்பன் கரையில் நிற்கும் எவரும் காணலாம். கடலடிப் பாறைத் திட்டுகளான பார்களில் எதில் மீன் குறைந்தது என்பதை நாட்டுப்படகுக்காரர்கள் அறிவார்கள். அவர்களுக்கோ குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்க மட்டுமே இடம் இருக்கிறது.

எனவே, பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்குமாக ஒரு மேலாண்மை மன்றத்தைச் சட்டத்தின் வழியாகவே அமைத்து, நாட்டுப்படகு, விசைப்படகு மீனவர்களையும் கடற்பாசி எடுக்கும் பெண்களையும் வாக்குரிமையுள்ள உறுப்பினர்களாகச் சேர்க்குமாறு தமிழக அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.