பிரவுனிக்குக் கொடுத்த மாத்திரை

கோவில்பட்டி,
கார்த்திகை 19.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? அங்கே இப்போதே பனி என்று டிவியில் காட்டினான். காதை மூடிக்கொண்டு போ.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியது மொத்தம் நாலு நிமிஷம். பிரவுனியைக் காட்டுங்கப்பா என்றாய். தூங்குது என்றேன். தூங்கவில்லை. எழுந்து வர முடியாமல் படுத்திருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் ஆரம்பித்தால் பாதியில் "மீட்டிங்பா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உயிருக்கு ஒன்றும் இல்லை. இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாய். சின்ன வயசிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம்.

பின்னங்கால் விஷயம் உனக்குத் தெரியும். போன வருஷம் நீ வந்தபோது மாடிப்படி ஏறமாட்டாமல் கீழேயே நின்று உன்னைப் பார்த்துக் குரைத்ததே, அதுதான். இடுப்பு மூட்டுத் தேய்மானம். லேப்ரடார் ரத்தம் கலந்திருந்தால் வயசான காலத்தில் இது வருவது சகஜமாம். நீ கிளம்பிப் போன பிறகு ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குக் கூட்டிப்போனேன். படம் எடுத்தார்கள். ரத்தம் பார்த்து, கிட்னி, லிவர் இரண்டும் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மெலாக்சிகாம் என்ற வலி மருந்தை எழுதினார்கள். நாய்க்கென்றே வரும் திரவ மருந்து. முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், மறுநாளிலிருந்து 0.1. பிரவுனி 28 கிலோ. சிரிஞ்சில் இரண்டு மில்லிக்குக் கொஞ்சம் கீழே வரும். சோறு தின்ற பிறகு, ஒரு நாளைக்கு ஒரே வேளை.

அந்த மருந்தை நான் குறை சொல்லவே மாட்டேன், பாப்பா. ஒரே வாரத்தில் பால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடியது. வேப்பமரத்து அணிலைத் துரத்தியது, பிடிக்கவில்லை, அது வேறு விஷயம். வலியோடு கிடக்கிற நாய் நடக்காது, நடக்காவிட்டால் தசை கரையும், தசை கரைந்தால் மூட்டின் மேல் பாரம் கூடி இன்னும் வலிக்கும். அந்தச் சுழற்சியை நிறுத்தியது இந்த மருந்துதான். வலியைப் பொறுத்துக்கொண்டு கிட என்று வாயில்லாத ஜீவனிடம் சொல்ல முடியுமா? எட்டு மாதம் நன்றாக ஓடியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொன்னார்கள், அதையும் தவறாமல் பார்த்தேன். அதுவரை ஒழுங்காகத்தான் இருந்தேன்.

தீபாவளிக்கு முந்தின ராத்திரி எதிர்வீட்டுப் பிள்ளைகள் சரவெடி வைத்தார்கள். இது பயந்து என் கட்டில் மேல் தாவி, அங்கிருந்து வழுக்கி விழுந்தது. காலையில் பின்னங்காலை ஊன்றவே இல்லை. மெலாக்சிகாம் பாட்டிலைப் பார்த்தால் அடியில் ஒரு வேளைக்குத்தான் இருக்கிறது. இங்கே எங்கும் கிடைக்காது, திருநெல்வேலிக்குத்தான் போகவேண்டும். மழை, லீவு. நாற்பது வருஷம் மருந்துக்கடை கவுண்டரில் நின்றவனுக்கு ஒரு நாய்க்கு டோஸ் போடத் தெரியாதா என்று ஒரு எண்ணம்.

என் முழங்காலுக்கு வைத்திருந்த ஸ்ட்ரிப்பை எடுத்தேன். உனக்குத் தெரிந்ததுதான். டைக்ளோஃபெனாக் 50, பாராசிட்டமாலும் சேர்ந்தது. அறுபது கிலோ மனுஷனுக்கு ஒன்று என்றால் இதற்குப் பாதி. காலையில் பாதி, ராத்திரி பாதி. மெலாக்சிகாம் கடைசி வேளை கொடுத்ததற்கு மறுநாளே ஆரம்பித்தேன்.

அன்றைக்கு மத்தியானமே எழுந்து நடந்தது. பக்கத்து வீட்டு மாமாவிடம் பெருமை வேறு அடித்தேன். நாலு நாள் கொடுத்தேன். மூன்றாம் நாளிலிருந்து அது சரியாகச் சாப்பிடவில்லை. வெடிச் சத்தத்தில் பயந்துபோயிருக்கிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். தண்ணீர்ச் சட்டியும் வைத்தபடியே இருந்தது. அப்படியும் ராத்திரி பாதி மாத்திரையை வெறும் வயிற்றில் வெண்ணெய் தடவித் தொண்டைக்குள் தள்ளினேன்.

ஐந்தாம் நாள் விடிகாலை கொல்லையில் சிமெண்டுத் தரையில் கருப்பாக, தார் மாதிரி போயிருந்தது. மண்ணைத் தின்றிருக்கும் என்று நினைத்து ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் ஓடின ஓரமெல்லாம் சிவந்தது. கையில் குவளையோடு அப்படியே நின்றேன். "மலம் கருப்பாகப் போனால் மாத்திரையை நிறுத்திட்டு உடனே டாக்டரைப் பாருங்க" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

ஆட்டோவில் போட்டு ராமையன்பட்டி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தது, காப்பித்தூள் கலந்த மாதிரி. அங்கே ஒரு சின்னப் பெண்தான் பார்த்தது, உன் வயசு இருக்கும். வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டது. "மனுஷ மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா சார்?"

கொஞ்ச நேரம் வாய் வரவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். எந்த மாத்திரை, எத்தனை பாதி, எந்தெந்த நேரம், முந்தின நாள் கொடுத்த மெலாக்சிகாம் உட்பட.

அந்தப் பெண் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியதைத்தான் சொன்னது. வலியையும் வீக்கத்தையும் கிளப்புகிற அதே சரக்குதான் வயிற்றின் உள்சுவரை அமிலத்திலிருந்து காப்பாற்றுகிறது, உடம்பில் தண்ணீர் வற்றும்போது கிட்னிக்கு ரத்தம் போகும் வழியையும் திறந்து வைக்கிறது. மாத்திரை வலியை நிறுத்தும்போது இந்தக் காவலையும் சேர்த்தே நிறுத்திவிடும். மெலாக்சிகாமும் டைக்ளோஃபெனாக்கும் ஒரே வகை, ஒன்றுக்கு மேல் இன்னொன்று கொடுத்தால் காவல் சுத்தமாகப் போய்விடும். அதனால்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது நடுவில் ஐந்தாறு நாளாவது இடைவெளி விடுவார்கள். ஸ்டீராய்டோடு சேர்க்கவே மாட்டார்கள்.

எடைக்கு எடை கணக்குப் போட்டேனே, அதுவும் தப்பு. நாய் உடம்பு சின்ன மனுஷ உடம்பு இல்லை. இதே வகையில் இன்னொரு வலி மாத்திரை நாப்ராக்சென், நம் உடம்பில் அரை நாளில் பாதி இறங்கிவிடும். நாய்க்கு அதே பாதி இறங்க இரண்டு மூன்று நாள் ஆகும். ஈரலிலிருந்து பித்தத்தோடு குடலுக்கு வந்து, திரும்ப ரத்தத்தில் ஏறி, திரும்ப வந்து, சுற்றிக்கொண்டே இருக்கும். பாதி என்று நான் நினைத்தது அதற்குப் பாதி இல்லை.

டைக்ளோஃபெனாக்கை மாட்டுக்குப் போடவே 2006-ல் தடை வந்தது. செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் கிட்னி போய்ச் செத்து விழுந்ததால் வந்த தடை. அப்போதும் மாட்டுக்காரர்கள் நம் கடைக்கு வந்து மனுஷருக்கான 30 மில்லி குப்பியை வாங்கிப்போவார்கள். எதற்கென்று தெரிந்தே கொடுத்திருக்கிறேன். 2015-ல் அந்தப் பெரிய குப்பியையும் நிறுத்தி 3 மில்லிதான் என்றார்கள். வியாபாரம் போச்சே என்று அம்மாவிடம் புலம்பினேன். அவள் காலை நீவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிரவுனிக்கு முதல் நாள் கிரியேட்டினின், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு, 3.4. ஒன்றரைக்குள் இருக்கவேண்டியது. மூன்று நாள் டிரிப். வயிற்றுப்புண்ணுக்கு சுக்ரால்ஃபேட், பான்டோப்ரசோல். 2.6 ஆனது, அப்புறம் 1.9. போன செவ்வாய் 1.5. இனி இந்த வகை மருந்தே அதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது காபாபென்டின் என்ற வேறு வகை வலி மருந்து, எடை குறைப்பு, வழுக்காமல் இருக்க வீடு முழுக்க ரப்பர் பாய். அம்மாவின் தையல் மெஷின் இருந்த இடத்தில் ஒன்று போட்டிருக்கிறேன், அங்கேதான் படுக்கும். ஆனால் மெலாக்சிகாம் கொடுத்த சுகத்தை இது கொடுக்கவில்லை. காலையில் எழ அரை மணி நேரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை அதனால்தான் காட்டவில்லை. நல்ல மருந்து ஒன்று இருந்தது, அதை அதற்கு இல்லாமல் ஆக்கியது நான்.

அதனால் சொல்கிறேன். வலி மாத்திரை எதுவானாலும் வெறும் வயிற்றில் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வாந்தி, பேதி, காய்ச்சல் என்று சாப்பிடாமல் இருக்கிற நாளில் அதைத் தொடவே கூடாது. தொடர்ந்து போட வேண்டியிருந்தால் ரத்தம் பார்க்காமல் போடக்கூடாது. பசி எடுக்கவில்லை, வயிறு எரிகிறது என்றால் நிறுத்திவிட வேண்டும். இதெல்லாம் நாய்க்குச் சொன்னதுதான். நீயும் வெறும் வயிற்றில் எதையும் போடாதே. அந்த ஊரில் காலையில் காப்பி மட்டும் குடித்துவிட்டு ஓடுகிறாயாம், மாப்பிள்ளை சொன்னார். அவரைக் கோபிக்காதே. நானாகத்தான் கேட்டேன்.

உனக்குச் சம்பளம் கூட்டியதையும் அவர்தான் சொன்னார். சித்தியிடம், கடையை எடுத்து நடத்துகிற பையனிடம், எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நீ சொல்லியிருந்தால் இன்னும் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன். சித்தி மகளுக்குத் தையில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அம்மாவை முதன்முதலாக மதுரைக்குக் கூட்டிப்போன வியாழக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? நீ டீ வாங்க வெளியே போயிருந்தாய். கிட்னி டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். "வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுவாங்களா?" எப்போதாவது ஒன்று என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பதினொரு வருஷம், பாப்பா. கடையை அடைத்துவிட்டு வரும்போது சட்டைப்பையில் ஸ்ட்ரிப் இருக்கும். மெஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்குப் பக்கத்தில் வைப்பேன். காலையில் ஒன்று, தைத்து முடித்தபின் ஒன்று. சர்க்கரையும் பிரஷரும் இருந்தது உண்மை. எல்லோரிடமும் சர்க்கரை என்றுதான் சொன்னேன், உன்னிடமும். மாத்திரை இல்லாமல் இருந்தால் அவள் இருந்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் டாக்டர் கேட்டபோது நான் உண்மையைச் சொல்லவில்லை. நாற்பது வருஷக் கடைக்காரன் தன் பெண்டாட்டிக்கே இப்படிக் கொடுத்தானா என்று அவர் நினைப்பாரே என்ற வெட்கம். அதற்கப்புறமும் இரண்டு மாதம் ராத்திரி வலிக்குது என்று அவள் கேட்டபோதெல்லாம் எடுத்துக் கொடுத்தேன்.

ராமையன்பட்டியில் அந்தப் பெண் கேட்டதும் அதே கேள்விதான். அதே வார்த்தைகள் என்றுகூடச் சொல்லலாம்.

ஆடிக் கடைசியில் பக்கத்து வீட்டுப் பையனிடம் உனக்கு இருபது ஸ்ட்ரிப் கொடுத்துவிட்டேன். அங்கே சீட்டு இல்லாமல் தரமாட்டான் என்றாய், யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். தீபாவளி முடிந்ததும் இன்னும் இருபது வேண்டும் என்று மெசேஜ் போட்டாய். எனக்கு மனக்கணக்கு வரும், உனக்கே தெரியும். எங்கே வலி என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

இந்தப் பார்சலில் பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், கடலைமிட்டாய் இரண்டு கிலோ, பிரவுனி போட்டோ ஒன்று. நீ கேட்டது இல்லை. தேடாதே.

அங்கே டாக்டரிடம் போ. எத்தனை போடுகிறாய் என்று அவர் கேட்டால் சரியான எண்ணிக்கையைச் சொல். கிரியேட்டினின் பார்த்துவிட்டு அந்த நம்பரை மட்டும் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு. வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
அப்பா