மாநிலச் சராசரி காட்டாத மத வரைபடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையொட்டி மதவாரி மக்கள்தொகை குறித்த கட்டுரைகள் நாளிதழ்களில் மீண்டும் இடம்பெறத் தொடங்கியிருக்கின்றன. தங்கள் இதழிலும் அப்படியொரு கட்டுரை வெளியாகியிருந்தது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இந்துக்கள் 79.8 சதவீதம், முஸ்லிம்கள் 14.2 சதவீதம், கிறிஸ்தவர்கள் 2.3 சதவீதம், சீக்கியர்கள் 1.7 சதவீதம் எனத் தொடங்கும் அட்டவணையும், தமிழ்நாட்டுக்கு முறையே இந்துக்கள் 87.58, முஸ்லிம்கள் 5.86, கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம் என்ற விவரமும் அதில் சரியாகவே தரப்பட்டிருந்தன. எண்களில் பிழை இல்லை. ஆயினும், அந்த எண்களோடு நிறுத்திக்கொள்ளும் கட்டுரை, நாட்டைப் பற்றியும் நம் மாநிலத்தைப் பற்றியும் வாசகர் மனத்தில் பொருந்தாத ஒரு சித்திரத்தைப் பதித்துவிடுகிறது. பல ஆண்டுகள் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவன் என்ற முறையில் இதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஆறு பேர் கிறிஸ்தவர்கள் என்பது கணக்கு. ஆனால் அந்த விகிதத்தில் அவர்கள் மாவட்டந்தோறும் வாழவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் 2011-இல் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம், அதாவது எந்த ஒரு மதத்தினரும் அங்கே பாதியைத் தாண்டவில்லை. தூத்துக்குடியில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 17 சதவீதம், திருநெல்வேலியிலும் நீலகிரியிலும் 11 சதவீதத்தை ஒட்டி. தருமபுரி, நாமக்கல் போன்ற மாவட்டங்களிலோ மிகச் சிலரே. முஸ்லிம்களின் பரவல் வேறு விதமானது. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் என்று பழைய துறைமுகங்களைத் தொடர்ந்து ஒரு கோடு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனத் தோல் தொழில் வேரூன்றிய ஊர்களைச் சுற்றி இன்னொரு வட்டம். மாநில அளவில் இவ்விரு சமயத்தாரும் ஏறத்தாழ ஒரே அளவினர் என்று அட்டவணை சொல்கிறது. அவர்கள் வாழும் ஊர்களோ பெரும்பாலும் வேறு வேறு.

இந்தப் பரவலுக்குப் பின்னே வரலாறு இருக்கிறது. தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கடற்கரையின் பரதவர்கள் 1530-களில் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடியபோது கத்தோலிக்கராயினர். 1542-இல் இந்தியா வந்த புனித சவேரியார் அதன் பின்னரே அக்கரையோரத்தில் பணியாற்றினார். இன்றைய குமரி மாவட்டம் அடங்கிய தென் திருவிதாங்கூரின் உள்நாட்டுப் பகுதிகளிலும் பாளையங்கோட்டை வட்டாரத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயிலாடியில் ரிங்கல்தௌபேயும், 1820 முதல் பாளையங்கோட்டையில் ரேனியுசும் ஊழியர்களாக நடத்திய சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டன்ட்) பணி வேறொரு காலத்தது, வேறொரு மக்களிடையே நடந்தது. அதனால்தான் இன்றும் குமரிக் கடற்கரை மீனவ ஊர்களில் கத்தோலிக்கக் கோயிலும், உள்ளே நகர நகர தென்னிந்தியத் திருச்சபையும் இரட்சணிய சேனையும் கண்ணில் படுகின்றன. இவ்வளவும் ‘கிறிஸ்தவர் 46.85’ என்ற ஒற்றை எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது.

‘இந்து 48.65’ என்ற எண்ணுக்குள் அடங்கியிருப்பதும் இதே போன்றதுதான். குமரி மாவட்டச் சாமித்தோப்பில் ஐயா வைகுண்டரை வழிபடும் ஐயாவழியினர் உருவச் சிலை வைப்பதில்லை. கண்ணாடியின் முன் நின்று வணங்குகிறார்கள். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு ‘பதி’ எனப்படும் வழிபாட்டிடத்துக்குள் நுழைகிறார்கள். மேலாடைக்கும் தலைப்பாகைக்கும் உரிமை மறுக்கப்பட்ட மக்களிடையே 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த வழி அது. அதைத் தனி மதமாகக் கொள்வோரும் உண்டு, இந்து சமயத்தின் ஒரு கிளையாகக் கொள்வோரும் உண்டு. கணக்கெடுப்பின் முதன்மை அட்டவணையில் ஐயாவழிக்கென்று ஒரு பத்தி இல்லை. அவர்கள் இந்துக்களோடு சேர்ந்தே எண்ணப்படுகிறார்கள். ஒரு மாவட்டத்தின் சமய வாழ்வையே வடிவமைத்த இயக்கம் அந்த மாவட்டத்தின் எண்ணிக்கையில் தெரியாமல் போவது சிறிய குறையல்ல.

நாடு முழுவதற்கும் வந்தாலும் நிலைமை இதுவே. நாகாலாந்தில் 87.93 சதவீதமும் மிசோரமில் 87.16 சதவீதமும் கிறிஸ்தவர்கள். மேகாலயத்தில் 74.59 சதவீதம். காசி மலைகளில் வெல்ஷ் ஊழியர்கள் வளர்த்த பிரெஸ்பிட்டேரியன் சபைக்கும், காரோ மலைகளில் அமெரிக்க பாப்டிஸ்டுகள் வளர்த்த சபைக்கும் உள்ள எல்லை அம்மாநிலத்துக்குள்ளேயே ஓடுகிறது. லடாக்கை எடுத்துக்கொண்டால் லே மாவட்டத்தில் மூன்றில் இரு பங்கினர் பௌத்தர்கள், கார்கிலில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் முஸ்லிம்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் கிடைக்கும் ‘லடாக்’ எந்த மலைச்சரிவிலும் இல்லாத ஊர். நாட்டில் பௌத்தர்கள் 84 லட்சம் பேர் என்று படிக்கும் வாசகர் இமயமலையை நினைத்துக்கொள்ளக்கூடும். அவர்களில் 65 லட்சம் பேர் மகாராஷ்டிரத்தில் இருக்கிறார்கள். 1956 அக்டோபரில் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் பௌத்தம் தழுவியதன் தொடர்ச்சி அது.

சார்னா குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஜார்க்கண்டையும் அதைச் சுற்றியுள்ள மாநிலங்களையும் சேர்ந்த பழங்குடிகள் சால மரத் தோப்பில் வழிபடும் நெறி அது. 2011-இல் 49 லட்சத்துக்கும் அதிகமானோர் படிவத்தில் ‘சார்னா’ என்று தாமே சொல்லிப் பதிவு செய்தார்கள். அதே கணக்கெடுப்பில் சமணர் தொகை 44.5 லட்சம். தங்கள் அட்டவணையில் சமணருக்கு ஒரு வரி உண்டு. சமணரைவிட எண்ணிக்கையில் மிகுந்த சார்னா வழியினர் ‘பிற’ என்ற வரிக்குள் போய்விட்டனர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவம், சீக்கியம், பௌத்தம், சமணம் ஆகிய ஆறுக்கு மட்டுமே படிவத்தில் குறியீட்டெண் இருந்ததே இதற்குக் காரணம். தனிக் குறியீடு கோரி ஜார்க்கண்ட் சட்டப்பேரவை 2020 நவம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. இந்தச் செய்தி தமிழ் நாளிதழ்களில் இன்னும் அதிக இடம் பெற்றிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதுவரை சொன்னது, யார் தம்மை எந்த மதத்தினர் என்று பதிவு செய்கிறார் என்பது பற்றி. அவர் எதைக் கடைப்பிடிக்கிறார் என்பது தனிக் கேள்வி. அதற்குக் கணக்கெடுப்பில் விடை இல்லை. ஆனால் கட்டுரையாளர்கள் பலர் முதல் கேள்வியின் விடையையே இரண்டாவதற்கும் விடையாக வைத்துவிடுகிறார்கள். நவராத்திரியைப் பாருங்கள். சென்னையில் ஒன்பது நாளும் கொலுவும் சுண்டலும். இறுதியில் சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை. குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் வேடமிட்டு, ஊர் ஊராகக் காணிக்கை பெற்றுத் தசராவுக்கு வந்து சேர்கிறார்கள். தில்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் பல குடும்பங்கள் வெங்காயம் பூண்டைக்கூட ஒதுக்குகின்றன. கொல்கத்தாவில் அதே நாள்களில் துர்க்கை பூஜைக்காக உறவினர் கூடும்போது மீனும் ஆட்டுக்கறியும் இல்லாமல் பல வீடுகளில் விருந்து நிறைவுறாது. நால்வருமே கணக்கில் இந்துக்கள். நம் சென்னைக்குள்ளேயே ஆடியில் அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கையில் கருவாட்டுக் குழம்பும் படைப்பவர்கள், புரட்டாசியில் சனிக்கிழமை விரதமிருந்து மாதம் முழுவதும் அசைவத்தைத் தொடாமல் இருக்கிறார்கள். இதில் முரண் எதுவும் இருப்பதாக அவர்கள் கருதுவதில்லை, நானும் கருதவில்லை.

இந்திய அரசின் மாதிரிப் பதிவு முறையின் 2014 அடிப்படை ஆய்வில், தமிழ்நாட்டில் 97.65 சதவீதத்தினர் அசைவம் உண்போர் என்றும், ராஜஸ்தானில் 74.9 சதவீதத்தினர் சைவ உணவினர் என்றும் தெரியவந்தது. இரு மாநிலங்களிலும் இந்துக்கள் 87, 88 சதவீதத்தைச் சுற்றியே இருக்கிறார்கள். மத எண் ஏறத்தாழ ஒன்று. உணவு முறை நேரெதிர். ஒரு வட்டாரத்தின் ஆசாரத்தை மற்றொரு வட்டாரத்தின் அளவுகோலால் அளந்தால் என்ன நேரும் என்பதை நாமே கண்டிருக்கிறோம். கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டம் 2003-இல் இங்கே கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டபோது, குலதெய்வத்துக்குக் கிடா வெட்டும் குடும்பங்கள் தங்கள் வழிபாடே குற்றமாக்கப்பட்டதாக உணர்ந்தன. எதிர்ப்பு வலுத்து, 2004-இல் அச்சட்டமே திரும்பப் பெறப்பட்டது.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019–20-இல் ஏறத்தாழ 30,000 இந்தியர்களிடம் நடத்திய ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். உண்மையான இந்தியராக இருக்க இந்துவாக இருப்பது மிக முக்கியம் என்று மத்திய இந்தியாவில் 83 சதவீத இந்துக்கள் கூறினர். தென்னிந்தியாவில் அப்படிச் சொன்னவர்கள் 42 சதவீதம். மதம் தம் வாழ்வில் மிக முக்கியம் என்று சொன்னவர்களின் விகிதமும் தெற்கில் குறைவாகவே இருந்தது. இதைக் கொண்டு தென்னகத்தில் பக்தி மங்கிவிட்டது என்று எழுதுவதை என்னால் ஏற்க இயலாது. மார்கழி விடியலில் திருப்பாவை கேட்கும் திருவல்லிக்கேணித் தெருக்களையும், பங்குனியில் அறுபத்துமூவர் உலாவின்போது கால் வைக்க இடமில்லாத மயிலாப்பூர் மாட வீதிகளையும் பார்ப்பவர் எவரும் அந்த முடிவுக்கு வர மாட்டார். அதே வேளையில் மக்கள் அளித்த விடையையும் தள்ளிவிடக் கூடாது. பக்தியோடு இருந்துகொண்டே அதைக் குடியுரிமையின் அடையாளமாக்க விரும்பாத ஒரு மனநிலை இங்கே வலுவாக இருக்கிறது என்றே நான் அந்த எண்களைப் படிக்கிறேன். சுயமரியாதை இயக்கம் நடத்திய நெடிய விவாதங்களுக்கு இதில் பங்குண்டு என்பதும் என் எண்ணம்.

வழிபாடு அட்டவணையின் மதப் பத்திக்குள் நிற்பதும் இல்லை. ஆகஸ்ட் இறுதியில் காவி உடுத்திச் சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோரிலும், பெசன்ட் நகர் அன்னை ஆலயக் கொடியேற்றத்துக்குத் திரள்வோரிலும் இந்துக்கள் ஏராளம். நாகூர் தர்காவின் ஐந்து மினார்களில் மிக உயரமானதைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். வாலாஜா பள்ளிவாசலில் ரமலான் மாலைகளில் நோன்பு திறப்போருக்கு உணவு பரிமாறுவோரில் மயிலாப்பூர் சூஃபிதார் கோயிலின் சிந்தி அன்பர்கள் நெடுங்காலமாக இருந்து வருகிறார்கள். சென்னை மாவட்டத்தில் 2011-இல் 1.11 சதவீதமாக இருந்த சமணர்களில் பெரும்பாலோர் சௌகார்பேட்டை போன்ற பகுதிகளில் வாழும் ராஜஸ்தான், குஜராத் வழியினர். வந்தவாசி, செஞ்சிப் பகுதிகளில் வயல் பார்க்கும் தமிழ்ச் சமணர்களின் மடம் மேல்சித்தாமூரில் இருக்கிறது. கணக்கில் இருவரும் ஒன்று.

பதிவு வேறு, வழிபாடு வேறு என்றாவதற்குச் சட்டமும் ஒரு காரணம். இடஒதுக்கீடு போன்றவற்றுக்கான பட்டியல் சாதித் தகுதி யாருக்கு என்று வரையறுக்கும் 1950-ஆம் ஆண்டு பட்டியல் சாதியினர் ஆணை முதலில் இந்துக்களுக்கும், 1956-இல் சீக்கியருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் பொருந்தியது. கிறிஸ்தவத்துக்கு மாறிய தலித் மக்களுக்கு இன்றுவரை பொருந்தவில்லை. ஞாயிறுதோறும் ஆலயம் செல்லும் ஒருவர் பள்ளிச் சான்றிதழில் இந்துவாகத் தொடர்வதன் காரணத்தை இங்கேதான் தேட வேண்டும். அந்தத் தகுதியை அவர்களுக்கும் நீட்டிக்கக் கோரித் தமிழ்நாடு சட்டப்பேரவை 2023 ஏப்ரலில் தீர்மானம் இயற்றியது. இந்தப் பின்னணியைச் சொல்லாமல் எந்த மதத்தின் எண்ணிக்கை கூடியது, எந்த மதத்தின் எண்ணிக்கை குறைந்தது என்று தலைப்பிடுவது அந்த மனிதர்களுக்கு இழைக்கும் அநீதி.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இது. மதவாரி விவரங்களைக் கணக்கெடுப்பு ஆணையம் வட்டம் (தாலுகா), நகரம் வரை வெளியிடுகிறது. ‘பிற’ என்பதற்குள் யார் யார் என்று மாநிலவாரியாகப் பிரித்துக் காட்டும் பிற்சேர்க்கையும் தருகிறது. அடுத்த கணக்கெடுப்பின் முடிவுகள் வரும்போது மாநில அட்டவணையோடு நில்லாமல் வட்ட அளவிலான விவரங்களையும் அந்தப் பிற்சேர்க்கையையும் அச்சிடுங்கள். 2011-இல் 32 ஆக இருந்த நம் மாவட்டங்கள் இப்போது 38. ஆம்பூரும் வாணியம்பாடியும் அன்று வேலூர் மாவட்டம், இன்று திருப்பத்தூர் மாவட்டம். சென்னையின் எல்லையும் 2018-இல் விரிந்துவிட்டது. பழைய வேலூரையோ சென்னையையோ புதியதோடு நேரடியாக ஒப்பிட்டு, ஒரு சமூகம் வளர்ந்தது, மற்றொன்று தேய்ந்தது என்று எழுதினால் அது எல்லை மாற்றத்தை மக்கள் மாற்றமாகக் காட்டும் பிழையாகும். வட்ட விவரங்களைப் பழைய எல்லைக்கு ஏற்பக் கூட்டிப் பார்த்த பிறகே ஒப்பிட வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒன்று தெரியப்படுத்துங்கள். 2027 பிப்ரவரியில் கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வருவார். பெயரையோ தெருவையோ வைத்து மதத்தை ஊகித்து நிரப்ப அவருக்கு உரிமை இல்லை. சொல்பவர் சொல்வதை அப்படியே பதிவு செய்வது அவர் கடமை என்பது கணக்கெடுப்பின் நெடுநாள் விதி. ஐயாவழி என்றோ, சார்னா என்றோ, மதம் இல்லை என்றோ சொல்ல விரும்புவோர் அதைத் தெளிவாகச் சொல்லி, எழுதப்பட்டதைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். இதைக் கணக்கெடுப்பு தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் தங்கள் எல்லாப் பதிப்புகளிலும், குறிப்பாக நாகர்கோவில், திருநெல்வேலிப் பதிப்புகளில், வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்,
திருவல்லிக்கேணி, சென்னை – 5.