காமன் பாரகிராஃபுக்கு மாட்டாத கேள்விகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிளஸ் டூ ஆங்கிலத்தில் எண்பது எடுத்த பிள்ளைக்குச் சொந்தமாக நான்கு வரி எழுத வரவில்லையே என்று சென்ற இதழ்க் கட்டுரை நொந்துகொண்டிருந்தது. வருத்தம் நியாயம்தான். பழியை மட்டும் முழுக்க மனப்பாடத்தின் தலையில் கட்டியிருக்க வேண்டாம். நாம் கொடுக்கும் கேள்வியே மனப்பாடத்தை வா வா என்று கூப்பிடுகிறது.

மெல்லக் கற்போருக்கென்று பள்ளிகளில் ‘காமன் பாரகிராஃப்’ ஒன்று புழங்குகிறது. பாடத்தின் பெயர், எழுதியவர், முக்கியப் பாத்திரம் மூன்றுக்கும் கோடு விட்டிருக்கும். மற்ற வாக்கியமெல்லாம் எல்லாப் பாடத்துக்கும் பொது. ஹிலாரி எவரெஸ்ட் ஏறினதுக்கும் அதுதான், மொழிபெயர்ப்பில் பாடமாக இருக்கும் கி.ராஜநாராயணனின் ‘நாற்காலி’ கதைக்கும் அதுதான். மேலே சினாப்சிஸ், கீழே கன்க்ளூஷன், கறுப்பு மையில் அடிக்கோடு. ‘பாடத்தைச் சுருக்கி 150 சொற்களில் எழுது’ என்று கேட்கிறவரை இந்தப் பத்திக்குச் சாவு கிடையாது, ஏனென்றால் அந்தக் கேள்விக்கு அதுவே பாதிப் பதிலாகிவிடுகிறது.

அசைன்மென்ட் கொடுக்கும்போதே கேள்வியைக் குறுக்கிவிடலாம். ‘நாற்காலி’யையே எடுத்துக்கொள்ளுங்கள். புது நாற்காலி வந்ததும் வீட்டுக் குழந்தைகள் அதோடு எப்படி இருந்தார்கள், அந்த நாற்காலி சாவு வீட்டுக்குப் போய்த் திரும்பிய பிறகு எப்படி ஆனார்கள்? இரண்டையும் ஒப்பிட்டு எட்டு வாக்கியம். இரண்டு இடத்தில் பாடத்தின் சொற்களையே எடுத்துக்காட்ட வேண்டும். எந்தக் கோட்டை நிரப்பினாலும் காமன் பாரகிராஃப் இதற்குள் நுழையாது. எட்டு வாக்கியம் என்பதால் வகுப்பிலேயே முடிந்துவிடும். வீட்டுக்கு அனுப்பினால் நோட்ஸிலிருந்து வருவதுதான் வரும்.

செய்யுளில் வேறு விதமான சிக்கல். ஆங்கிலத்தில் எழுதிய வங்கக் கவிஞர் தோரு தத்தின் கவிதையில் வருவது சவுக்கு மரம். கடலோரத் தோப்பில் நம் பிள்ளைகள் பார்த்த சவுக்கோ சில வருடத்தில் பந்தல் காலுக்கு வெட்டுகிற ஒல்லிக் கம்பு. கவிதையின் மரம் வங்கத்துத் தோட்டத்தில் நின்ற கிழட்டுப் பெருமரம். மலைப்பாம்பு போலக் கொடி சுற்றி ஏறுகிறது, உச்சியில் குரங்கு உட்கார்ந்திருக்கிறது. கண்ணில் படம் விழாத பிள்ளை ‘சிமிலி’ என்று எழுதி நிறுத்திக்கொள்ளும். எது எதற்கு உவமை, அந்தப் பிடியில் வேறு மரமாயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அதற்குத் தெரியாது. முதல் அசைன்மென்டாகப் படம் வரையச் சொல்லலாம். பென்சில் கோட்டில், ஒவ்வொரு உருவத்தின் பக்கத்திலும் அது எந்த வரியில் வருகிறது என்ற எண்ணோடு. இடஞ்சுட்டிப் பொருள் விளக்கும் மூன்று மதிப்பெண் கேள்விக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. அங்கே பாதிப் பேர் வழுக்குவது வரியை வேறு கவிதையில் கொண்டுபோய் ஒட்டுவதால்தான்.

ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் தேநீர் பற்றி எழுதிய கட்டுரையும் பாடத்தில் இருக்கிறது. மொத்தம் 11 விதி. ஒரு குவார்ட் (ஒரு லிட்டருக்குச் சற்று மேல்) பிடிக்கும் தேநீர்ப் பாத்திரத்துக்கு ஆறு தேக்கரண்டித் தேயிலை குவித்துப் போடு, வெந்நீர்க் கெட்டிலிடம் பாத்திரத்தைக் கொண்டுபோ, டீயை ஊற்றியபின் பால் விடு, சர்க்கரை கூடாது. பதினொன்றையும் ஒப்பிக்க வைப்பது அந்த மனிதருக்குச் செய்கிற அநியாயம். ஒவ்வொரு விதிக்கும் சண்டைக்கு ஆள் உண்டு என்று தெரிந்தே எழுதியிருக்கிறார். பிள்ளைகள் அவரவர் வீட்டு ஃபில்டர் காபிக்கோ ரசத்துக்கோ ஐந்து விதி எழுதட்டும். நிபந்தனை இரண்டு: விதிதோறும் ஓர் அளவோ நேரமோ இருக்க வேண்டும், அது ஏன் என்று ஒரு வாக்கியம் இருக்க வேண்டும். ‘ஏன்’ எழுதப் போகும்போதுதான் ‘பிகாஸ்’, ‘இஃப்’, ‘அன்டில்’ எல்லாம் தானாக வேலைக்கு வரும்.

இனி திருத்தம். ஐம்பது பேர் வகுப்பு, நோட்டுக்கு ஐந்து நிமிடம் என்றாலே நான்கு மணி நேரத்துக்கு மேல். அதனால்தான் சிவப்பு டிக் மட்டும் விழுகிறது. ஒரு சுற்றுக்கு இரண்டே வகைப் பிழையைப் பாருங்கள். முதல் சுற்றில் காலம்: கதையை நிகழ்காலத்தில் தொடங்கி மூன்றாம் வரியில் இறந்தகாலத்துக்குத் தாவியிருக்கும். இரண்டாம் சுற்றில் ‘ஏ’, ‘தி’: தமிழில் அதற்கு நேர் இல்லை, ஆகவே நல்ல மாணவருக்கும் விட்டுப்போகும். ‘டிஸ்கஸ் அபவுட்’ போன்றவை நம் ‘பற்றி’ இழுத்துக்கொண்டு வருபவை. அவற்றைக் கரும்பலகையில் மொத்தமாகச் சொன்னால் போதும். பிழையைத் திருத்தித் தராதீர்கள். ஓரத்தில் ஒரு குறி போட்டுவிட்டு, எந்தச் சொல் என்று அவர்களே தேடட்டும். நாளைக்குப் பத்து நோட்டு, ஐந்து நாளில் ஒரு சுற்று. மதிப்பெண் இரண்டாம் பிரதிக்குத்தான் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் யாரும் திரும்ப எழுத மாட்டார்கள். அகமதிப்பீட்டின் பத்தில் அசைன்மென்டுக்கு இருப்பது இரண்டு மதிப்பெண். சார்ட்டில் ஜிகினா ஒட்டி வருவதற்கு அதைக் கொடுப்பதை இனியாவது நிறுத்தலாம்.

கடைசியாக, இருந்தும் யாரும் தொடாத ஒன்று. ‘நாற்காலி’ தமிழில் எழுதப்பட்ட கதை. மூலத்திலிருந்து எட்டு வரியைக் கரும்பலகையில் எழுதி, பாடப்புத்தகத்தை மூடச் சொல்லி, ஒரு பீரியடில் ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து மொழிபெயர்ப்பாளர் என்ன செய்திருக்கிறார் என்று பார்க்கட்டும். கரிசல் பேச்சில் ஓர் உறவுமுறைச் சொல்லை அப்படியே விடுவதா, விளக்குவதா என்று வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரியும். தமிழில் பலமான, ஆங்கிலத்தில் வாய் திறக்காத பிள்ளை அன்றைக்குப் பேசும். வீட்டில் செய்யச் சொன்னால் போனில் மொழிபெயர்த்து வந்துவிடுவார்களே என்பீர்கள். வரட்டும். வட்டார வழக்கில் போன் தடுக்கி விழாமல் இருக்காது. அந்தப் பிரதியையே அடுத்த வாரம் கையில் கொடுத்து, தப்பான ஐந்து இடத்தைக் காட்டி, ஏன் தப்பு என்று எழுதச் சொல்லலாம்.

இப்படிக்கு,
முதுகலை ஆசிரியர் (ஆங்கிலம்),
தென்காசி மாவட்டம்.